நிறம் வெளுத்தது, ரெசின் இறுகவில்லை

குன்னூரில் இருந்துகொண்டு ஊட்டியில் எம்எஸ்சி வேதியியல் படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. புற ஊதா விளக்கு இல்லாமல், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே ரெசினை (திரவப் பிசினை) இறுக வைக்கும் சேர்மங்களை ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறார். பாலிஎத்திலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, எடையில் அரை சதவீதம் ஈயோசின் என்ற சிவப்புச் சாயம், ஒரு சதவீதம் ட்ரைஎத்தனால் அமீன் கலந்திருக்கிறார். அதைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, பச்சை எல்ஈடி பட்டையின் கீழ் இருபது நிமிடம் வைத்தாராம். "மேலே நிறம் வெளுத்துவிட்டது, ஆனால் பிசுபிசு என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஜவ்வு மாதிரி ஒரு படலம். அடியில் ஊற்றியது ஊற்றியபடி இருக்கிறது. ஈயோசின் இதற்கு லாயக்கில்லையா? இதைவிட நன்றாக ஒளியை உறிஞ்சும் சாயம் ஒன்றை நானே தயாரிக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. ஈயோசின் மேல் தப்பில்லை. தேவைக்கு எழுபது எண்பது மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டீர்கள். காற்றை உள்ளே விட்டுவிட்டீர்கள். மூன்றாவதாக ஒரு கூட்டாளி வேண்டும், அதைச் சேர்க்கவில்லை. புதுச் சாயம் செய்யும் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் 'இன்னும் நன்றாக உறிஞ்ச வேண்டும்' என்று தேடிப் போனால் இதே கிண்ணம் இன்னும் மோசமாகத்தான் வரும்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் கேத்தியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆள். இந்துநகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில், நம் ஊர்க்காரர்கள் வாயில் 'பிலிம் ஃபேக்டரி'யில், எமல்ஷன் (பிலிம் மேல் பூசும் ஒளியுணர் கலவை) பகுதியில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தேன். 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது; நான் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். வேலை முக்கால்வாசி இருட்டில். எதிரே வருபவர் மேல் மோதாமல் இருக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டே நடப்போம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கரண்ட் போனால் வீட்டில் நான் செருமுவேன், மனைவி சிரிப்பாள். அதற்கப்புறம் சில வருஷம் கீழே சமவெளியில் பல் மருத்துவப் பொருட்கள் செய்யும் ஒரு சிறிய யூனிட்டில் இருந்தேன். ஆக, ஒளி பட்டால் மாறும் பொருட்களோடுதான் என் பிழைப்பு ஓடியது.

உங்கள் பிரச்சினையும் பிலிம் ஃபேக்டரியின் பழைய பிரச்சினையும் ஒன்றுதான். வெள்ளி புரோமைடு தானாக நீலத்தையும் அதற்குக் கீழான அலைநீளங்களையும் மட்டும்தான் உணரும்; பச்சையும் சிவப்பும் அதற்குத் தெரியாது. 1873-ல் ஜெர்மனியில் வோகெல் என்பவர், பொருத்தமான சாயம் ஒன்றைச் சேர்த்தால் அந்தச் சாயம் பிடிக்கிற நிறத்துக்கு வெள்ளி உப்பும் கண் திறக்கிறது என்று கண்டுபிடித்தார். அடுத்த சில வருஷங்களில் கல்கத்தாவில் நில அளவைத் துறையில் இருந்த வாட்டர்ஹவுஸ் அதற்குப் பயன்படுத்திக் காட்டிய சாயம் எது தெரியுமா? உங்கள் கிண்ணத்தில் இருக்கும் அதே ஈயோசின்.

எங்கள் பகுதியில் புதிதாகச் சேருபவர் செய்யும் முதல் தப்பும் நீங்கள் செய்ததுதான். உணர்திறன் போதவில்லை என்றால் சாயத்தைக் கூட்டுவது. எமல்ஷனில் சாயம் மில்லிகிராம் கணக்கில்தான் போகும். வெள்ளி உப்புத் துகளின் மேல் ஒரு மூலக்கூறு கனத்துக்குப் படிந்தால் போதும். அதற்கு மேல் போட்டால் உணர்திறன் ஏறாது, இறங்கும்.

சரி, உங்கள் கணக்கைப் போடுவோம். ஈயோசினின் மோலார் உறிஞ்சு கெழு, அதாவது ஒளியைத் தின்னும் திறனின் அளவு, 520 நானோமீட்டரை ஒட்டி சுமார் ஒரு லட்சம். அரை சதவீதம் என்றால் லிட்டருக்கு ஐந்தரை கிராம். மூலக்கூறு எடை 692 என்பதால் ஏறக்குறைய 8 மில்லிமோல். செறிவும் ஆழமும் கூடக் கூட உறிஞ்சல் கூடும் என்கிற பீர்-லாம்பர்ட் விதிப்படி, 90 சதவீத ஒளியைத் தின்று தீர்க்க இந்தக் கலவைக்குத் தேவைப்படும் ஆழம் 0.0125 மில்லிமீட்டர். தலைமுடியின் கனத்தில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. நீங்கள் ஊற்றியதோ 5 மில்லிமீட்டர். அடியில் இருந்த ரெசினைப் பொறுத்தவரை நீங்கள் விளக்கே போடவில்லை. மேலே சாயம் வெளுக்க வெளுக்கத்தான் ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது. அந்த ஜவ்வுப் படலம் அது போய்ச் சேர்ந்த எல்லை.

ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் 90 சதவீதம் உறிஞ்சினால் போதும் என்று திருப்பிப் போட்டால், நூறு கிராம் ரெசினுக்கு ஆறு ஏழு மில்லிகிராம் ஈயோசின் வரும். தராசில் நிறுத்துப் போடாதீர்கள்; தண்ணீரில் ஒரு கரைசல் செய்துகொண்டு சொட்டு சொட்டாக விடுங்கள். கலவை பார்வைக்கு ரோஸ் மில்க்கைவிட வெளிர் நிறமாக இருக்கும். 'இவ்வளவு கொஞ்சமா' என்று மனசு ஒப்பாது.

எதிர்ப்பக்கத்தில் கற்பூரத்தைப் பாருங்கள். கோயில் தட்டில் எரிகிற கற்பூரத்தை செலினியம் டைஆக்சைடால் ஆக்சிஜனேற்றம் செய்தால் கற்பூரகுவினோன் என்ற மஞ்சள் தூள் கிடைக்கும். பல் அடைக்கிற வெள்ளை காம்போசிட் பேஸ்ட்டில் இன்றும் அதிகமாக இருப்பது இதுதான். டாக்டர் நீல விளக்கை வாய்க்குள் பிடிக்கிறாரே, அந்த ஒளி இதற்காகத்தான். இதன் உச்ச உறிஞ்சல் 468 நானோமீட்டர். ஆனால் அந்த உச்சத்தில்கூட மோலார் உறிஞ்சு கெழு வெறும் 40 சொச்சம். ஈயோசினோடு ஒப்பிட்டால் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! புத்தகத்தில் இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் 'இது உதவாது' என்று ஒதுக்கிவிடுவார். ஐம்பது வருஷமாக அதை யாரும் ஒதுக்கவில்லை. கொஞ்சமாக உறிஞ்சுவதால்தான் ஒளி இரண்டு மில்லிமீட்டர் பேஸ்ட்டைத் தாண்டி அடிவரை போகிறது. வேலை முடிந்ததும் அதன் மஞ்சளும் பெருமளவு வெளுத்துவிடுகிறது. ஒளியில் இறுகும் பல் அடைப்புகளில் எழுபதுகளில் முதலில் வந்தவை புற ஊதாவில் இறுகின. அந்த ஒளி ஆழம் போகவில்லை, கண்ணுக்கும் ஈறுக்கும் ஆகவில்லை. நீல ஒளிக்கு மாறியதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது காற்று. உங்கள் மேல்பக்கம் வெளுத்தும் பிசுபிசுப்பாக நின்றதற்கு முழுப் பொறுப்பு ஆக்சிஜன். ஒளிபட்டுப் பிறக்கிற ரேடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும் மூலக்கூறுத் துண்டு), அக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பைத் தாக்கிச் சங்கிலியைத் தொடங்க வேண்டும். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அதோடுதான் முதலில் ஒட்டிக்கொள்ளும். அந்த வினையின் வேகம் சங்கிலி வளரும் வேகத்தைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். ஒட்டிய பிறகு வருகிற பெராக்சி ரேடிக்கல் சோம்பேறி. சங்கிலியை அதனால் இழுத்துக்கொண்டு போக முடியாது. திறந்த காற்றில் வைத்த ரெசினில் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும். அது தீர்ந்தபிறகுதான் இறுகவே தொடங்கும். மேல்பரப்பிலோ தீரத் தீரக் காற்றிலிருந்து புதிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் எல்ஈடி பட்டை மாதிரி பலவீனமான ஒளியில் இந்தப் போட்டியில் காற்றுதான் ஜெயிக்கும்.

தீர்வுக்கு நைட்ரஜன் சிலிண்டர் தேட வேண்டாம். நுண்ணோக்கிக்கு வைக்கிற கண்ணாடிச் சில்லு இரண்டு எடுங்கள். ஓரங்களில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு எதையாவது இடைவெளிக்கு வைத்து, நடுவே ரெசினைக் குமிழி இல்லாமல் விட்டு, கிளிப் போட்டு மூடுங்கள். கிண்ணத்தில்தான் செய்ய வேண்டும் என்றால் மேலே ஒரு ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை) படிய விரியுங்கள். பல் டாக்டர் கடைசி அடுக்கின் மேல் ஒரு பிளாஸ்டிக் பட்டையை இழுத்துப் பிடிப்பார், கவனித்திருப்பீர்கள். அதற்குப் பல்லின் வடிவம் ஒரு காரணம், காற்றை விரட்டுவது இன்னொரு காரணம்.

இனி கூட்டாளி. இதுதான் விஷயத்தின் மையம், இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஈயோசின் ஒளியை விழுங்கியதும் தானாக உடைந்து ரேடிக்கல் தருவதில்லை. அதில் உள்ள நான்கு புரோமின் அணுக்களின் தயவால் சீக்கிரமே மும்மை நிலை என்கிற, கொஞ்சம் நீண்ட ஆயுளுள்ள கிளர்நிலைக்குப் போகிறது. அந்த நிலையில் பக்கத்தில் இருக்கும் அமீனிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. எலக்ட்ரானை இழந்த அமீன் ஒரு புரோட்டானையும் விட்டுவிட்டு, நைட்ரஜனுக்கு அடுத்த கார்பனில் ரேடிக்கலாக நிற்கிறது. சங்கிலியைத் தொடங்குவது அதுதான். ஈயோசின் இங்கே தரகர் மாதிரி. வேலை செய்பவர் அமீன்.

ஆனால் எலக்ட்ரான் வாங்கிய ஈயோசின் சும்மா இருப்பதில்லை. வளர்கிற சங்கிலியோடு சேர்ந்து அதை முடித்து வைக்கும், அல்லது இன்னும் ஒடுங்கி (மேலும் எலக்ட்ரான் ஏற்று) நிறமற்ற வடிவத்துக்குப் போய்விடும். நீங்கள் பார்த்த வெளுப்பில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். சோதிக்க விலையில்லாத வழி ஒன்று உண்டு. வெளுத்த ரெசினைக் காற்றில் கலக்கி இருட்டில் வையுங்கள். நிறம் கொஞ்சமாவது திரும்பி வந்தால் சாயம் ஒடுங்கியிருக்கிறது, ஆக்சிஜன் அதை மீட்டிருக்கிறது. வரவே இல்லை என்றால் மூலக்கூறே சிதைந்துவிட்டது. நோட்டில் எழுதி வையுங்கள், வைவாவில் நிச்சயம் கேட்பார்கள்.

இங்கேதான் மூன்றாவது ஆள் வருகிறார்: டைஃபினைல் அயோடோனியம் உப்பு. எலக்ட்ரான் வாங்கிக் கனத்துப் போன ஈயோசினிடமிருந்து அதை இது வாங்கிக்கொள்ளும். வாங்கியதும் தான் உடைந்து ஒரு ஃபினைல் ரேடிக்கலைத் தரும். அதுவும் சங்கிலியைத் தொடங்கும். ஈயோசின் பழைய நிறத்தோடு திரும்பி வந்து அடுத்த ஃபோட்டானுக்குத் தயாராகும். ஒரு ஃபோட்டானுக்கு இரண்டு ரேடிக்கல், சாயமும் மிச்சம். நூறு கிராமுக்கு ஆறு ஏழு மில்லிகிராம் போதும் என்று நான் துணிந்து சொன்னது இந்தச் சுழற்சியை நம்பித்தான். அமீன் இப்போது இருக்கும் ஒரு சதவீதமே இருக்கட்டும். அயோடோனியம் அரை சதவீதத்திலிருந்து ஆரம்பியுங்கள். வாங்கும்போது ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட் உப்பாகக் கேளுங்கள். ஆன்டிமொனி உள்ள உப்பு நச்சு, மாணவர் ஆய்வகத்துக்கு வேண்டாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரலாம். புதுச் சேர்மம் உருவாக்குவது.

இதில் இரண்டு பாதை. ஒன்று, ஒளி பட்டதும் தானே இரண்டாக உடையும் மூலக்கூறு. இன்னொன்று, ஈயோசின் மாதிரி கூட்டாளியோடு எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ பரிமாறிக்கொள்வது. முதல் பாதை அழகானது. ஒரே பொருள், வேகமான வினை, கூட்டாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒரு சுவர் இருக்கிறது. ஒளியின் ஆற்றலைப் பிணைப்பின் ஆற்றலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 365 நானோமீட்டரில் ஒரு மோல் ஃபோட்டானுக்கு 328 கிலோஜூல். 405-ல் 295. 450-ல் 266. உங்கள் பச்சை 520-ல் 230. சிவப்பு 660-க்குப் போனால் 181 தான். அலைநீளம் கூடக் கூடக் கையில் இருக்கும் காசு குறைகிறது. உடைக்க வேண்டிய பிணைப்பும் அதற்கேற்பப் பலவீனமாக இருந்தாக வேண்டும். ரொம்பப் பலவீனமான பிணைப்பை வைத்தால் இருட்டில் வைத்தாலும் அறைச் சூட்டிலேயே உடைய ஆரம்பிக்கும். அந்தப் பாட்டிலை அலமாரியில் வைக்க முடியாது.

இந்தப் பாதையில் வந்தவைதான் பாஸ்பீன் ஆக்சைடுகள். டிபிஓ என்று சுருக்கமாகச் சொல்வது 420 வரைக்கும் இழுக்கும். பிஏபிஓ 440 வரைக்கும். உங்கள் நண்பர்கள் வைத்திருக்கும் 405 நானோமீட்டர் 3டி பிரிண்டர் ரெசின்களில் பெரும்பாலும் இவைதான். பாஸ்பரசின் இடத்தில் ஜெர்மானியத்தை வைத்து இன்னும் கொஞ்சம் நீலத்துக்குள் நகர்த்தினார்கள். ஐவோசெரின் என்ற பெயரில் பல் மருத்துவத்துக்கு வந்தது அப்படி ஒன்று. ஜெர்மானியம் விலை உங்களுக்கும் எனக்கும் ஆகாது. டிபிஓ-வுக்கு வேறு சிக்கல் வந்துவிட்டது. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு என்ற காரணத்தால் 2023-ல் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை அதை மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. 2025 செப்டம்பர் முதல் அங்கே ஜெல் நகப்பூச்சு உள்ளிட்ட அழகுப் பொருட்களில் தடை. ஆக, இன்று 'புதுசு' என்றால் அலைநீளம் மட்டுமில்லை. இறுகிய பொருளிலிருந்து என்ன கசியும், அது யார் உடம்புக்குள் போகும் என்பதும் சேர்ந்ததுதான்.

பச்சைக்கும் சிவப்புக்கும் போக வேண்டும் என்றால் இரண்டாவது பாதைதான் நடைமுறை. இங்கே எனக்குப் பிடித்த ஒரு உதாரணம் உண்டு, கொஞ்சம் சொந்த அபிமானமும் கலந்தது. பிலிமில் நாங்கள் போட்ட உணர்வூட்டும் சாயங்களில் முக்கால்வாசி சயனைன் குடும்பம். எண்பதுகளில் அமெரிக்காவில் அதே சயனைனை எடுத்து, எதிர் அயனியாக ஒரு போரேட்டை ஜோடி சேர்த்தார்கள். ஒளி பட்டதும் போரேட்டிலிருந்து எலக்ட்ரான் சாயத்துக்குத் தாவும், போரான்-கார்பன் பிணைப்பு உடனே அறும், வெளியே வரும் ரேடிக்கல் அக்ரிலேட்டை இறுக்கும். இரண்டும் உப்பாக ஒட்டிக்கொண்டே இருப்பதால் கூட்டாளி எங்கே என்று தேடும் நேரம் மிச்சம். சயனைனின் சங்கிலி நீளத்தை மாற்றினால் பச்சைக்கோ சிவப்புக்கோ வேண்டியபடி நகர்த்தலாம். இதைப் படித்த அன்று, நாங்கள் வருஷக்கணக்காகக் கையாண்ட சாயத்துக்குள் இப்படி ஒரு வேலை ஒளிந்திருந்ததா என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

உங்கள் ப்ராஜெக்டுக்கு அது வேண்டாம். போரேட் தயாரிப்பு காற்றும் ஈரமும் படாமல் செய்ய வேண்டிய வேலை, நம் மேகமூட்ட மாதங்களில் தலைவலி. எளிய வழி சொல்கிறேன். சைக்ளோபென்டனோன் ஒரு பங்கு, டைமெத்தில் அமினோ பென்சால்டிஹைடு இரண்டு பங்கு, ஆல்கஹாலில் கரைத்து சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் ஆரஞ்சு-சிவப்புப் படிகம் விழும். இரண்டாம் வருஷ பிஎஸ்சி ஆய்வகத்தில் செய்கிற ஆல்டால் குறுக்கம்தான். இரண்டு ஓரத்தில் எலக்ட்ரானைத் தள்ளும் அமினோ, நடுவில் இழுக்கும் கீட்டோன். இந்தத் தள்ளு-இழு அமைப்பால் உறிஞ்சல் புற ஊதாவை விட்டு நீலத்துக்குள் வந்துவிடும். சைக்ளோபென்டனோனுக்குப் பதில் அசிட்டோன் போட்டு ஒன்று, அசிட்டோஃபீனோன் போட்டு ஒன்று (இதற்கு ஆல்டிஹைடு ஒரு பங்கு போதும்). மூன்று மூலக்கூறு, ஒரே குடும்பம். ஒப்பிட்டுப் பேச வசதியாக இருக்கும். சாயம் தயாரிக்கவே நேரமில்லை என்றால் மஞ்சளில் இருக்கும் குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். 420-430 பக்கத்தில் உறிஞ்சும் அது, அயோடோனியம் உப்போடு சேர்ந்து எபாக்சி ரெசின்களை இறுக்கும் என்பது இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம். அந்த வினை ரேடிக்கல் இல்லாமல் நேர் அயனி வழியாகப் போவதால் ஆக்சிஜன் தொந்தரவும் கிடையாது. ஈரம்தான் அங்கே எதிரி.

ஒரு வேண்டுகோள். இருபது சாயம் செய்து, இருபதின் உறிஞ்சல் வரைபடத்தையும் ஒட்டி, 'எல்லாம் 450-ல் உறிஞ்சுகின்றன' என்று முடிக்கும் ஆய்வேடுகள் ஏராளம். உறிஞ்சுவது சாயத்தின் பிறவிக் குணம், அதில் பெருமை இல்லை. உறிஞ்சிய ஆற்றல் ஒளிர்வாக வீணாகிறதா, மும்மை நிலைக்குப் போகிறதா, கூட்டாளியிடம் எலக்ட்ரான் தாவ ஆற்றல் கணக்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். சாயத்தின் ஆக்சிஜனேற்ற, ஒடுக்க மின்னழுத்தங்களையும் கிளர்நிலை ஆற்றலையும் வைத்து ரெம்-வெல்லர் சமன்பாட்டைப் போட்டால் போதும். விடை எதிர்மறையாக வந்தால் மேலே போகலாம். ஒளிர்வைச் சோதிக்க அமீனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒளிர்வு மங்குகிறதா என்று பார்ப்பது கல்லூரியிலேயே செய்யக்கூடியது.

இறுகியதை அளக்க எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) கருவி கிடைத்தால் இரட்டைப் பிணைப்பின் 1635 அலையெண்ணை ஒட்டிய பட்டையும், அக்ரிலேட்டுக்கு 810-ம் எவ்வளவு குறைந்தன என்று பாருங்கள். கலவையில் தண்ணீர் இருப்பதால் 1635 பக்கம் தண்ணீரின் பட்டை வந்து மறைக்கும், அதனால் 810-ஐ நம்புவது நல்லது. கருவி கிடைக்காத நாட்களுக்குச் சுரண்டல் சோதனை. பல் பொருட்களுக்கான ஐஎஸ்ஓ 4049 தரத்தில் உள்ளதே இதுதான். உருளை வடிவ அச்சில் ரெசினை நிரப்பி ஒரு பக்கம் ஒளி காட்டி, மறுபக்கத்தில் இறுகாததைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எறிந்து, மிச்சத்தின் நீளத்தை அளந்து இரண்டால் வகுப்பது. ஸ்ட்ராவை வெட்டி அச்சாக வைக்கலாம். சாயம் இல்லாமல் ஒன்று, அமீன் இல்லாமல் ஒன்று, ஒளியே காட்டாமல் அதே சூட்டில் ஒன்று என்று மூன்று ஒப்பீடு கட்டாயம். எல்ஈடி பட்டை சூடாகும். சூட்டில் இறுகியதை ஒளியில் இறுகியது என்று எழுதிவிடக் கூடாது.

சூடு என்றதும் நம் ஊர்க் குளிர். ஜனவரி காலையில் ஆய்வகம் எட்டு பத்து டிகிரியில் இருக்கும். ரெசின் தேன் மாதிரி கெட்டியாகி மூலக்கூறுகள் நகர முடியாமல், அதே ஒளிக்கு மாற்றம் குறைவாக வரும். மத்தியானம் செய்தால் கூடும். 'புதன்கிழமை செய்த சாயம்தான் சிறந்தது' என்று ஒரு முடிவு வந்தால் முதலில் அன்றைய வெயிலைப் பாருங்கள். ஒரு பாத்திரத்தில் 25 டிகிரித் தண்ணீர் வைத்து அதில் ரெசின் பாட்டிலை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கடைசியாகச் சேமிப்பு. புத்தகங்கள் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கும். தொழிலில் பாதித் தலைவலி இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இறுகும் ரெசின் என்றால் அதைக் கலக்கும்போது நீங்கள் பார்க்கிற ஒளியிலும் அது இறுகும். நீங்கள் டியூப் லைட்டின் கீழ்தானே கலந்தீர்கள்? அதில் பச்சை தாராளம். ஈயோசினுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பை உணராத ஆர்த்தோ பிலிமுக்கு நாங்கள் செய்தபடி அறையில் ஒரு சிவப்பு பல்ப் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். நீலச் சாயங்களுக்கு ஆரஞ்சு விளக்கு போதும். ஜன்னலோரம் பாட்டிலை வைக்கவே வேண்டாம். 'ஊட்டியில் வெயிலா' என்று நினைக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் பத்து சதவீதம் கூடும், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மேகம் விலகிய ஒரு மணி நேரம் போதும்.

பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பவும் கூடாது. அக்ரிலேட்டோடு வரும் மீத்தாக்சிஃபீனால் என்கிற தடுப்பான், ஆக்சிஜன் இருந்தால்தான் வேலை செய்யும். ஒளி காட்டும்போது எதிரியான காற்று, அலமாரியில் காவல்காரன். நான் பல் பொருள் யூனிட்டில் சேர்ந்த புதிதில், ஒருவர் காற்றுப் படாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் ஒரு கேனை விளிம்புவரை நிரப்பி, போதாததற்கு நைட்ரஜனும் ஊதி மூடிவிட்டார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் உள்ளே ஒரே கட்டி. கேனை வெட்டித்தான் எடுத்தோம். நீங்கள் பாட்டிலில் கால்வாசி இடம் காலியாக விட்டு, அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். அமீனும் அயோடோனியமும் ஒன்றாக இருக்கும் கலவை இருட்டிலும் மெல்ல வினைபுரியலாம். அதனால் அயோடோனியத்தைத் தனிப் பாட்டிலில் வைத்து, தேவைப்படும் அன்று மட்டும் சேருங்கள்.

கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். அக்ரிலேட் ஒருமுறை ஒவ்வாமையைக் கொடுத்துவிட்டால் ஆயுசுக்கும் விடாது. எனக்கு இன்னும் வலது கட்டைவிரலில் அரிப்பு வந்து போகிறது. நீல எல்ஈடி எரியும்போது ஆரஞ்சுக் கண்ணாடி போடுங்கள்.

முதல் வேலையாக அயோடோனியத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டு, அது வரும்வரை காத்திராமல் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். ஈயோசினை நூறு கிராமுக்கு ஏழு மில்லிகிராமாகக் குறைத்து, இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவே வைத்து, அதே பச்சைப் பட்டையின் கீழ் அதே இருபது நிமிடம். பக்கத்திலேயே அதே கலவையில் ஒரு சொட்டை மூடாமல் திறந்து வையுங்கள். பிறகு சில்லைப் பிரித்து, விளக்கைப் பார்த்த பக்கம் இறுகியிருக்கிறதா, அடிப்பக்கம் இறுகியிருக்கிறதா, திறந்த சொட்டு என்ன ஆயிற்று என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எந்தச் சாயத்தைத் தயாரிப்பது என்று அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.